லாரிப் புகை சொல்லும் சேதி

டீசல் என்பதை நாம் ஓர் எண்ணெயின் பெயராகவே நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது ஒரு மனிதரின் பெயர். ருடால்ஃப் டீசல் 1858-இல் பாரீஸ் நகரில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மானியர். 1870-இல் பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டபோது அந்தக் குடும்பம் பாரீஸை விட்டுக் கிளம்ப நேர்ந்தது. பின்னாளில், 1897-இல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் அவர் தம் இன்ஜினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். 1900-இல் பாரீஸில் நடந்த உலகப் பொருட்காட்சியில் டீசல் இன்ஜின் ஒன்று கடலை எண்ணெயில் ஓடியது. ஆப்பிரிக்கக் காலனிகளில் விளையும் கடலையை எரிபொருளாக்க முடியுமா என்று பிரெஞ்சு அரசு பார்க்க விரும்பியதாக டீசலே பிற்பாடு குறிப்பிட்டிருக்கிறார்.

புதுச்சேரிக்காரர்களான நமக்கு இதில் ஒரு தனிச் சுவை உண்டு. நம் பக்கத்து மல்லாட்டை அந்தக் காலத்தில் கப்பல் கப்பலாக மர்ஸேய் துறைமுகத்துக்குப் போனது. அங்கே எண்ணெயும் சோப்பும் ஆனது. 1879-இல் விழுப்புரத்திலிருந்து நம்மூருக்கு ரயில் வந்ததும் தென்னார்க்காட்டு மல்லாட்டை இன்னும் சுலபமாகக் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. டீசல் இன்ஜினும் மல்லாட்டையும் தூரத்துச் சொந்தக்காரர்கள் என்று சொன்னால் தவறில்லை.

எண்ணெய் எதுவானாலும் இன்ஜினின் அடிப்படை ஒன்றுதான். இதில் பெட்ரோல் வண்டி மாதிரி தீப்பொறி போடும் பிளக் கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை மட்டும் இழுத்து, பலமாக அமுக்கி, அது நன்றாகச் சூடேறிய நேரத்தில் எண்ணெயைப் பனிபோலப் பீய்ச்ச வேண்டும். அது தானே பற்றிக்கொள்ளும். ஆக, மூன்று சங்கதிகள்: காற்று போதுமான அளவு வேண்டும், எண்ணெய் சரியான அளவில் மெல்லிய துளிகளாக வேண்டும், நேரம் தப்பக் கூடாது. லாரி விடும் புகையின் கதை முழுவதும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது.

மேஸ்திரிகளின் காலம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பின்னால் கரி அடுப்பு கட்டிக்கொண்டு ஓடிய கரி பஸ்ஸைப் பற்றி நம் தலைமுறையினர் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பார்கள். டீசல் லாரி நம் சாலைகளில் பெருகியது அதற்குப் பிறகுதான். 1954-இல் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் முதல் தேதி நம் ஊர் இந்திய நிர்வாகத்துக்கு வந்தது. 1948-இல் எண்ணூரில் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955-இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. இந்த இரண்டு கம்பெனி லாரிகள்தான் நம் ஆலைகளுக்குப் பஞ்சுப் பொதியும், நம் மண்டிகளுக்கு நெல்லும் மல்லாட்டையும் சுமந்து வந்தன. பிரெஞ்சு மீடியத்தில் படித்த எங்களுக்கு லாரி என்பது ‘காமியோன்’. தெருவுக்கு வந்துவிட்டால் எல்லோருக்கும் லாரிதான்.

டீசல் இன்ஜினின் இதயம் எண்ணெய் பீய்ச்சும் பம்ப். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ கம்பெனி அதை இங்கேயே செய்தது. இன்றும் பழைய மெக்கானிக்குகள் அதை ‘மைக்கோ பம்ப்’ என்றுதான் சொல்வார்கள். அந்தப் பம்ப்பில் அதிகபட்சம் எவ்வளவு எண்ணெய் போகலாம் என்று அளவு வைத்து ஈயத்தால் சீல் வைத்திருப்பார்கள். சுமை அதிகம் ஏற்றுகிறவர்கள் அந்தச் சீலை உடைத்து எண்ணெயைக் கூட்டிவிடுவது உண்டு. வண்டி இழுக்கும். பின்னால் கரும்புகையும் கொட்டும்.

அந்தக் காலப் பட்டறைகளில் கருவி என்று பெரிதாக ஒன்றும் இராது. மேஸ்திரிகள் புகையைப் பார்த்தே நோய் சொன்னார்கள். நான் வேலை பார்த்த அரசு அலுவலகத்தில் இரண்டு லாரிகள் இருந்தன. அவற்றின் பழுதுபார்ப்புச் செலவுக் கோப்புகள் என் மேசைக்குத்தான் வரும். எதற்காக இந்தச் செலவு என்று குறிப்பு எழுத வேண்டியிருந்ததால் பட்டறைக்குப் போய்க் கேட்டு எழுதுவது என் வழக்கம். அங்கே ஒரு வயதான மேஸ்திரி சொல்லிக்கொடுத்தது இன்றைக்கும் மனப்பாடம்.

புகை கறுப்பாக வந்தால் எண்ணெய் அதிகம், அல்லது காற்று குறைவு. முதலில் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார். அது அடைத்திருந்தால் ஐந்து நிமிட வேலையோடு முடிந்தது. அது சுத்தமாக இருந்தால் நாசில். பனிபோலப் பீய்ச்ச வேண்டிய நாசில் சொட்டுச் சொட்டாக ஒழுகினால் எண்ணெய் முழுதும் எரியாமல் கரியாகும். கடைசியில்தான் பம்ப்.

புகை நீலமாக வந்தால் எரிவது டீசல் அல்ல, இன்ஜின் ஆயில். ரிங் தேய்ந்திருக்கும், லைனர் தேய்ந்திருக்கும், அல்லது வால்வு வழியாக ஆயில் இறங்கும். டர்போ உள்ள வண்டியானால் அதன் சீலையும் பார்க்க வேண்டும். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பார்ப்பார். அங்கிருந்து ஆவி குப்குப்பென்று வந்தால் ரிங் போய்விட்டது என்று பொருள்.

புகை வெள்ளையாக வந்தால் இரண்டு வழி. கண் எரிந்து டீசல் நாற்றம் அடித்தால் எண்ணெய் எரியாமலே வெளியேறுகிறது. டைமிங் தப்பியிருக்கலாம், கம்ப்ரஷன் குறைந்திருக்கலாம். நாற்றம் இல்லாமல் ஆவிபோல வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால், உள்ளே தண்ணீர் இறங்குகிறது. ஹெட் கேஸ்கட்டைப் பார்க்க வேண்டும். மார்கழிக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் வெள்ளையாக வந்து நின்றுவிட்டால் அது நோயே அல்ல.

எந்தச் சிலிண்டரில் குறை என்று கண்டுபிடிப்பதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொரு நாசிலுக்கும் போகும் குழாயின் நட்டைச் சற்றுத் தளர்த்துவார். நல்ல சிலிண்டர் என்றால் அதற்கு எண்ணெய் நின்றதும் இன்ஜின் சத்தம் தடுமாறும். தளர்த்தியும் சத்தம் மாறவில்லை என்றால் அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே வேலை செய்யவில்லை. ஆறு நட்டுகள், ஆறு தடவை காது கொடுத்துக் கேட்பது, அவ்வளவுதான் பரிசோதனை.

இதில் நான் கவனித்தது ஒன்று. அவர் ஒருநாளும் புகையை நிறுத்துவது பற்றிப் பேசியதில்லை. புகை எதனால் வருகிறது என்றுதான் பேசினார். காரணத்தைச் சரிசெய்தால் புகை தானாக நிற்கும் என்பது அவர் கணக்கு.

அளவுகோல் வந்த கதை

சட்டம் இந்தப் பக்கம் திரும்பியது தாமதமாகத்தான். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல் வந்தது. போபால் விபத்துக்குப் பின் 1986-இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம். 1988-இன் மோட்டார் வாகனச் சட்டமும் அதையொட்டி 1989-இல் வந்த மத்திய விதிகளும்தான் ஓடும் லாரியின் புகைக்கு ஓர் எண்ணை வைத்தன. டீசல் வண்டிக்கு 65 ஹார்ட்ரிஜ் அலகு என்பது அந்த வரம்பு. பின்னாளில் பி.எஸ்.-4 வண்டிகளுக்கு அது 50 ஆனது.

இந்த ஹார்ட்ரிஜ் என்ன என்று பல லாரி உரிமையாளர்களுக்கே தெரியாது. விஷயம் எளிது. ஒரு குழாய்க்குள் புகையை விட்டு, ஒரு முனையிலிருந்து வெளிச்சம் போடுகிறார்கள். மறுமுனைக்கு எவ்வளவு வெளிச்சம் வந்து சேருகிறது என்று கருவி பார்க்கிறது. எல்லா வெளிச்சமும் வந்தால் 0. ஒன்றும் வராவிட்டால் 100. வண்டியை நியூட்ரலில் நிறுத்தி ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்து விடுவார்கள். இப்படிப் பல தடவை செய்து சராசரி எடுப்பார்கள். அந்த எண்தான் நம் கையில் தரும் பி.யூ.சி. சான்றிதழில் ஏறுகிறது.

ஆக, இந்தக் கருவி அளப்பது ஒன்றே ஒன்று: புகை எவ்வளவு வெளிச்சத்தை மறைக்கிறது என்பது. ஏன் மறைக்கிறது என்பது அதற்குத் தெரியாது. கண்ணுக்குத் தெரியாமல் எது வெளியே போகிறது என்பதும் தெரியாது. எஃப்.சி.க்கு முதல் நாள் ஏர் ஃபில்டரை மாற்றி, பம்ப்பில் எண்ணெயைக் குறைத்து, சான்றிதழ் வாங்கிய மறுநாள் பழையபடி கூட்டிக்கொள்ளும் வித்தையை லாரிக்காரர்கள் வெகு சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். பிரெஞ்சில் வண்டியின் புகைபோக்கிக்கு ‘போ தேஷாப்மான்’ என்று பெயர். ‘எஷாப்பே’ என்றால் தப்பித்துப் போதல். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

எண்ணெயின் மேலும் பழி உண்டு. 1990-களின் தொடக்கத்தில் நம் நாட்டு டீசலில் கந்தகம் நூற்றுக்கு 1 பங்கு வரை இருக்கலாம். அதாவது பத்து லட்சத்தில் 10,000 பங்கு. அப்படிப்பட்ட எண்ணெயை ஊற்றிவிட்டு மேஸ்திரியைக் குறை சொல்லிப் பயனில்லை. பிறகு படிப்படியாகக் குறைத்தார்கள். பி.எஸ்.-2 காலத்தில் 500, பி.எஸ்.-3-இல் 350, பி.எஸ்.-4-இல் 50. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.-6-இல் 10. முப்பது ஆண்டுகளுக்குள் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிட்டது. நம் காலத்தில் சத்தமில்லாமல் நடந்த பெரிய காரியங்களில் இதையும் நான் சேர்ப்பேன்.

2017 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ்.-4 என்று ஆனது. அதற்கு மூன்று நாள் முன்பு, மார்ச் 29 அன்று, பி.எஸ்.-3 வண்டிகளை இனி விற்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கடைசி இரண்டு நாளில் கடைகளில் கூட்டம் அலைமோதியதைப் பலரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த 2017-க்குப் பின் வாங்கிய லாரிகள்தான் இன்று பழைய லாரிகளாகிப் பட்டறைக்கு வருகின்றன. அவற்றின் நோய் மூன்று நிறங்களுக்குள் அடங்குவதில்லை.

கண்ணுக்குத் தெரியாத புகை

டீசல் இன்ஜின் நன்றாகச் சூடாகி எரிந்தால் கரி குறையும். ஆனால் அதே சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகும். இது கறுப்பாக வராது. ஆனால் நுரையீரலை அரிக்கும், வெயிலில் ஓசோனாக மாறி மூச்சிரைப்புக்காரர்களை வாட்டும். ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இதுதான் டீசலின் தீராத தலைவலி.

இதற்கு இரண்டு மருந்து கண்டுபிடித்தார்கள். ஒன்று இ.ஜி.ஆர். வெளியே போகும் புகையில் கொஞ்சத்தை எடுத்து, குளிரவைத்து, மறுபடி இன்ஜினுக்குள்ளேயே விடுவது. அதனால் எரியும் சூடு தணிந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும். இன்னொன்று எஸ்.சி.ஆர். டிரைவர்கள் ‘யூரியா தண்ணி’ என்கிறார்களே, அது. நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா கலந்த சுத்த நீரைச் சூடான புகைமேல் பீய்ச்சுகிறார்கள். யூரியா அம்மோனியாவாகி, கெட்ட வாயுவை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றிவிடுகிறது. நம் நாட்டு லாரிகளில் இரண்டு வழியும் உண்டு.

இரண்டிலும் பழுது வரும். இ.ஜி.ஆர். வால்வில் கரி படிந்து திறந்த நிலையில் மாட்டிக்கொண்டால் காற்று குறைந்து கரும்புகை வரும், வண்டி இழுக்காது. மூடிய நிலையில் மாட்டிக்கொண்டால் புகையே தெரியாது, வண்டியும் ஜோராக ஓடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடு தாராளமாக வெளியேறும். யூரியா வகையிலோ, வயலுக்குப் போடும் யூரியாவைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். உப்புப்போலப் படிந்து நாசில் அடைக்கும். யூரியா தீர்ந்தாலோ, புகையை முகரும் சென்சார் கெட்டாலோ, டாஷ்போர்டில் விளக்கு எரிந்து வண்டியின் இழுவை குறைந்துவிடும்.

அப்போதுதான் ஒரு யோசனை வந்து சேருகிறது: ‘இ.ஜி.ஆர். வழியில் ஒரு தகடு வைத்து அடைத்துவிடலாம்.’ செலவு சொற்பம். கரும்புகை குறையும், இழுவை திரும்பும். விளக்கையும் அணைத்துக்கொடுக்க ஆள் உண்டு. வேடிக்கை என்னவென்றால், இப்படித் தகடு வைத்த லாரி புகைச் சோதனையில் முன்பைவிட நன்றாகவே தேறும். ஏனென்றால் சோதனைக் குழாய் பார்ப்பது கறுப்பை மட்டும். தகடு கூட்டிவிட்ட வாயுவுக்கு நிறம் இல்லை.

எங்கள் பகுதியில் ஒரே ஒரு லாரியை வைத்துக் குடும்பம் நடத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும், என்னைப் பெரியப்பா என்று கூப்பிடுவார். மேட்டுப்பாளையம் பக்கம் லாரி நிறுத்துமிடத்தில் அவருக்கும் இந்தத் தகடு யோசனைதான் கிடைத்தது. வண்டி இழுக்கவில்லை, விளக்கு எரிகிறது, தவணை பாக்கி. “தகட வச்சிட்டா நாளைக்கே லோடு எடுக்கலாம் பெரியப்பா, என்ன சொல்றீங்க?” என்று கேட்டார். நான் மெக்கானிக் இல்லை. ஆனால் பழைய கோப்புக் குறிப்புகள் நினைவில் இருந்ததால் ஒன்று கேட்டேன்: “தண்ணி குறையுதாப்பா?”

குறைந்தது. இரண்டு நாளைக்கு ஒரு முறை ரேடியேட்டரில் ஊற்றிக்கொண்டிருந்தார். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டும் இல்லை. காலையில் வெள்ளையாக ஆவி வந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்து பாலாகவும் இல்லை. வில்லியனூர் சாலையில் ஒரு மெக்கானிக்கிடம் அனுப்பினேன். அவர் ஸ்கேனரை மாட்டினார், அது இ.ஜி.ஆர். என்று மட்டும் சொன்னது. மெக்கானிக் அதோடு நிற்கவில்லை. புகையைக் குளிர்விக்கும் இ.ஜி.ஆர். கூலரைக் கழற்றி, ஒரு முனையை அடைத்து, தொட்டித் தண்ணீரில் முக்கிக் காற்றடித்தார். சைக்கிள் டியூபில் பஞ்சர் பார்க்கிற மாதிரிதான். குமிழி வந்தது. கூலருக்குள் விரிசல். இன்ஜினைக் குளிர்விக்க வேண்டிய தண்ணீர் புகைவழியில் கலந்துகொண்டிருந்தது.

தகடு வைத்திருந்தால் விளக்கு அணைந்திருக்கும், இழுவையும் வந்திருக்கும். தண்ணீர் மட்டும் கேள்வி கேட்பாரில்லாமல் இறங்கிக்கொண்டே இருந்திருக்கும். திருச்சிப் பாதையிலோ சேலம் பாதையிலோ முழுச் சுமையோடு ஒருநாள் இன்ஜின் கொதித்து ஹெட் வளைந்திருக்கும். கூலர் மாற்றிய செலவு அவருக்குக் கசந்தது, இரண்டு மாதம் கையைக் கடித்தது. ஆனால் இன்ஜின் தப்பியது. அந்த லாரிதான் அவர் வீட்டு அடுப்பு, இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம்.

பெரிய இடத்துத் தகடு

தகடு வைப்பது நம்மூர்ச் சில்லறைத் தந்திரம் மட்டுமல்ல. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் விவகாரம் வெடித்தது நினைவிருக்கும். அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் சிறு ஆய்வுக் குழு ஒன்று, சோதனைச்சாலைக்குள் அளப்பதை விட்டுவிட்டு, கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்தது. அந்தக் குழுவில் அரவிந்த் திருவேங்கடம் என்ற பெயரைச் செய்தியில் பார்த்தபோது எனக்கு ஒரு மகிழ்ச்சி. சோதனைச்சாலையில் தேறிய கார், சாலையில் வரம்பை எத்தனையோ மடங்கு மீறி நைட்ரஜன் ஆக்சைடை விட்டது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும்படி காரின் கணினிக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகள் இப்படி. எஃப்.சி.க்கு முதல் நாள் பம்ப்பைக் குறைக்கும் நம் ஆளுக்கும் இவர்களுக்கும் வித்தை ஒன்று, தொகைதான் வேறு.

முப்பது ஆண்டுக்கு மேல் காகிதத்தோடு வாழ்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சான்றிதழ் வேண்டும். அது இல்லாத காலத்தில் கரும்புகைக்குக் கேள்வியே கிடையாது. ஆனால் காகிதம் சரியாக இருப்பதும் வண்டி சரியாக இருப்பதும் ஒன்றல்ல. காகிதம் ஒரு நாளின் ஒரு எண்ணைச் சொல்லும். அதற்குப் பின்னால் உள்ள காரணத்தை ஒரு மனிதர் தேடித்தான் ஆக வேண்டும். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இலேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர்கள் டிரைவரும் கிளீனரும் பட்டறைப் பையன்களும்தான். அடுத்தபடி சாலையோரத்தில் குடியிருக்கும் நம்மைப் போன்ற வயதானவர்கள்.

பழைய லாரிகளை வயதை மட்டும் வைத்து ஒதுக்கவேண்டும் என்று ஒரு வாதம் உண்டு. தில்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்கு 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது. தில்லியின் காற்றுக்கு அது தேவைப்பட்டிருக்கலாம். ஆனால் வயதே நோய் அல்ல என்பது எழுபதைத் தாண்டிய நமக்குத் தெரியாதா? ஒழுங்காகப் பராமரித்த பதினைந்து வருட லாரியைவிட, தகடு வைத்த ஐந்து வருட லாரி ஊருக்குக் கெடுதல் செய்யலாம். வித்தியாசம் உள்ளே பார்த்தால்தான் தெரியும்.

நம்மூரில் டீசல் விலை குறைவு என்பதால் அக்கம்பக்கத்து மாவட்ட லாரிகளும் இங்கே வந்து டாங்க்கை நிரப்பிக்கொண்டு போகின்றன. பிள்ளைகளோ பேரன்களோ லாரி வைத்திருக்கும் அன்பர்கள் அவர்களிடம் மூன்று கேள்வி கேட்டு வையுங்கள். விளக்கு எரிந்தால் அணைத்தாயா, காரணம் பார்த்தாயா? தண்ணீரும் ஆயிலும் எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைக்கிறாயா? ஏர் ஃபில்டரைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தாய்? ஸ்கேனர் இல்லாத காலத்து மேஸ்திரியும் இதைத்தான் கேட்டார். ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கும் கடைசியில் இதைக் கேட்டுத்தான் கூலரைக் கழற்றினார்.